திருப்பித் தரவேண்டிய நாள்

பதினைந்து நாள் என்கிறது விதி.
பின்னட்டைக்குள் ஒட்டிய தாளில்
ஊதா மையில் தேதி குத்தினேன்.
ததேயூஸ் அதைப் பார்த்துச் சிரித்தார்.
"பதினஞ்சு நாளுல நாங்க
தூண்டிலு எறக்கத்தான் தொடங்குவோம் டீச்சர்.
கரையேற நாப்பதாவும்.
சிலப்போ அதும் தாண்டும்."

நூலகர் என்று சொல்லிப் பார்த்தேன், முதல் மாதம்.
வள்ளவிளையில்
மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த பெண்
யாராயிருந்தாலும் டீச்சர்தான்.

இரணியலிலிருந்து இரண்டு பேருந்து மாறி வருகிறேன்.
வந்த புதிதில் வருகைப் பதிவு இப்படி இருந்தது:
நாளிதழுக்கு ஏழு பேர்,
மின்விசிறிக்கு மூன்று பேர்.
மற்றவர்களைச் சன்னல் வழியே பார்க்கலாம்,
அதாவது, கடலைப் பார்க்கலாம்.

முதல் ஆறு தாமதக் கட்டணம்
என் கைப்பையிலிருந்து போனது.
ஏழாவதற்குத்
தேதி முத்திரையை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு
திருப்பித் தரவேண்டிய நாள் என்ற கட்டத்தில்
போட்டின் பேரை எழுதினேன்:
சகாய அன்னை.

மீன்பெட்டி ஒன்று கேட்டு வாங்கினேன்.
மூன்றுமுறை கழுவியும் சூரை வாசம் விடவில்லை.
கனத்த பிளாஸ்டிக்கில் ஒவ்வொன்றாய்ப் பொதிந்து
முப்பது புத்தகம் அடுக்கினேன்.
மலையேறும் கதைகள் தீர்ந்துபோயின.
கடல் கதைகள்
கட்டுக் குலையாமல் திரும்பி வந்தன.
"அதுல உள்ளது எல்லாம் பொய்யாக்கும்."

மார்ச்சில் தணிக்கைக்கு வந்தவர்
பதிவேட்டில் விரலை ஊன்றினார்.
நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு எங்கே?
லட்சத்தீவுக்கு மேற்கே, சார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அலமாரி எண் கேட்டேன் என்றார்.
ஐஸ் அறைக்கு மேலே,
சமையல்காரர் தலைவைக்கும் பக்கம்.
'விளக்கம் கோரப்படுகிறது' என்று எழுதிவிட்டுப் போனார்.
அனுப்பினேன், நாலு பக்கம்.
பதில் இன்னும் கரையேறவில்லை.

நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு
நாற்பத்திமூன்றாம் நாள் வந்தது.
ஒருவர் பேரில் போனது
பதினொரு பேர் விரல் எண்ணெயோடு
இரண்டு மடங்கு தடித்து.
பக்க அடையாளத்துக்கு மீன் செதில்.
கடைசித் தாளில் யாரோ போட்ட டீசல் கணக்கு.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஓர் ஆற்றின் படத்துக்குப் பக்கத்தில்
எனக்குத் தெரியாத எழுத்து,
கொடியில் துணி காயப்போட்டதுபோல்
மேல்கோட்டில் தொங்கிக்கொண்டு.

"அது நிமாய். வங்காளத்துப் பயல்.
நாலு வருசமாட்டு எங்க கூடத்தான்.
நாங்க வாசிக்கும்போ
பக்கத்துல இருந்து படம் பாப்பான்."

மறுநாள் அவனே வந்தான்.
வாசலிலேயே நின்றான்.
உள்ளே வர அட்டை வேண்டுமென்று
யாரோ சொல்லியிருக்கிறார்கள்
(நான்தான், அந்தப் பலகையில்).
தன் கையெழுத்தைத் தானே
கடற்கரைத் தமிழில் பெயர்த்துச் சொன்னான்:
"இது எங்க ஊரு ஆறு போல இருக்கு.
அடியில என்ன எழுதியிருக்கு?"

'இமயத்தில் பனி உருகும் காலம்'
என்று வாசித்தேன்.
"இல்ல, அப்போ எங்க ஆறு இல்ல" என்று சிரித்தான்.
சிரித்துவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தான்.

அன்று மாலை கொள்முதல் பட்டியலை நிரப்ப உட்கார்ந்தேன்.
மொழி என்ற இடத்தில் இரண்டே வரி:
தமிழ், ஆங்கிலம்.
கீழே அளவுகோல் வைத்து
மூன்றாவது கோடு போட்டேன்.
வங்காளம். வாசகர் எண்ணிக்கை: 1.

பலகையை இறக்கிவைத்தேன்.
கடைசிப் பேருந்தை விட்டுவிட்டு
தேங்காய்ப்பட்டணம் துறைமுகம்வரை போய்
போட்டு போட்டாக விசாரித்தேன்.
திரும்பி வந்து ஒன்றை அடித்து
அறுபத்துநாலு என்று எழுதினேன்.
பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன்,
அடித்தல் திருத்தலுக்கு
அப்படித்தான் விதி.